இலைக்குத் தெளிப்பு, வேருக்கு நல்ல தண்ணீர்



யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள தோட்டக்காரர்கள் எழுதும் கடிதங்களில் சில காலமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. முந்திரிகைக் கன்று நட்டோம். பந்தலில் ஏறுகிற பருவத்தில் இலையின் ஓரம் தீய்ந்து போகிறது. அடி இலையில் தொடங்கி மேலே ஏறுகிறது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர். வைட்டமின் சி தெளித்தால் சரிவரும் என்கிறார்களே, உண்மையா?

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இம்முறை இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட எண்ணினேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெளிப்பில் உண்மை இருக்கிறது. இளங்கொடி ஒரு கெட்ட பருவத்தைத் தாண்டிவர அது கைகொடுக்கும். ஆனால் மண்ணில் சேர்ந்த உப்பில் ஒரு கிராமைக்கூட அது வெளியேற்றாது. இந்த இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொண்டு செய்பவருக்கே அதனால் பயன் உண்டு.

குண்டசாலையில் இருந்துகொண்டு உப்பைப் பற்றி எழுதுவது மலையக வாசகர்களுக்குப் புதுமையாகத் தோன்றலாம். தும்பறைப் பள்ளத்தாக்கில் மகாவலி நம் வாசலோரம் ஓடுகிறது. மண்ணில் சேரும் உப்பைப் பருவமழை கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. தமிழகத்தார் திராட்சை என்று சொல்லும் முந்திரிகையை இங்கே முற்றத்தில் ஆசைக்கு ஒரு கொடி வளர்ப்பவர்களைத் தொல்லைப்படுத்துவது ஈரத்தில் பரவும் அடிச்சாம்பல் நோய்தான். ஆனாலும் நமக்கு இதில் கடமை இருக்கிறது. விவசாயப் பாடசாலை இருக்கும் ஊர் இது. கண்டி நகரைத் தாண்டினால் கன்னொறுவை, பேராதனை. வடக்கிலிருந்து வந்து இங்கே விவசாயம் படித்துத் திரும்பியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். வடக்கின் மண்ணுக்கு ஒரு நோய் வந்தால், மருந்து தேடும் பொறுப்பு இந்த மலைகளுக்கும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் ஒரு முந்திரிகைப் பந்தல் எழுந்து நிற்கிறதென்றால், அதன் அடியில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இருக்கிறது. கொங்கிறீற்றுத் தூண், கம்பி, எரு, கூலி எல்லாம் முதலிலேயே போடவேண்டும். கன்று நட்டு முதல் குலையைக் காண ஒன்றரை வருடமாவது பொறுக்கவேண்டும். அதன்பிறகு கவாத்துப் பண்ணப் பண்ண வருடத்துக்கு இரண்டு போகம் எடுக்கலாம். இஸ்ரேல் புளூ என்று எல்லோரும் அறிந்த கறுத்தப் பழம் கோண்டாவில், உரும்பிராய், நீர்வேலி, சுன்னாகம் பக்கங்களில் இப்படித்தான் வளர்ந்தது. தோலகட்டி ஆச்சிரமத்துத் துறவிகளின் முந்திரிகை இரசம் வடக்கில் பலருக்கும் தெரிந்த பெயர். போரில் பந்தலை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து மறுபடி கல் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். அந்தக் கன்றின் இலை ஓரம் கருகும்போது அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்பதில் தொடங்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது பொந்தும் வெடிப்பும் நிறைந்த சுண்ணக்கல். வருடம் முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. வழுக்கை ஆறு மாரியில் மட்டும் ஓடும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நன்னீர் எடை குறைந்தது, கடல்நீர் எடை கூடியது என்பதே இதன் காரணம். ஒல்லாந்தரான பேடன் கைபன், ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் இருவரும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டு சொன்ன கணக்கு ஒன்று உண்டு. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். கணக்கை மறுபக்கமாகவும் படிக்கவேண்டும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை அரை மீற்றர் தாழ்த்தினால், அடியிலிருந்து உவர்நீர் மேலேறி வரக்கூடிய உயரம் 20 மீற்றர்.

இந்தக் கணக்கை நேரில் பார்க்க விரும்புபவர்கள் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றுக்குப் போகலாம். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர்நீர் என்று ஒரே கிணற்றுக்குள் இரண்டும் நிற்கின்றன. துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதர் உடல்வலுவே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீர்ப்பம்பி வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. 2004 டிசம்பரில் சுனாமி வந்து போனபின் கரையோரக் கிணறுகளில் இதே பாடம் இன்னொரு விதமாகக் கிடைத்தது. உப்புத் தண்ணீரை இறைத்து வெளியேற்றிவிட்டால் கிணறு தெளியும் என்று பலர் அவசரப்பட்டு இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர்தான் மேலே வந்தது. கிணறுகளை மீட்டுக் கொடுத்தது மழை.

இனித் தோட்டத்துக்கு வருவோம். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதை மின்கடத்துதிறனால் அளக்கிறார்கள். சுருக்கமாக ஈ.சி. என்பது அதைத்தான். உலக உணவு விவசாய நிறுவனம் முந்திரிகைக்குக் கொடுக்கும் அட்டவணை தெளிவானது. பாசனநீரின் ஈ.சி. 1.0 வரை இருந்தால் விளைச்சல் குறையாது. 1.7 ஆனால் பத்தில் ஒரு பங்கு போகும். 2.7 ஆனால் கால்பங்கு போகும். 4.5 ஆனால் பாதி போய்விடும். இங்கே எண்கள் டெசிசீமன்ஸ்/மீற்றர் என்ற அலகில். இது வளர்ந்த கொடிக்கான கணக்கு. இளங்கொடிக்கு இதைவிடக் கவனம் வேண்டும்.

ஈ.சி. 1 என்றால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறக்குறைய 640 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று கொள்ளலாம். உங்கள் கிணற்றில் அளவு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன்றுக்கு ஒரு தடவை 20 லீற்றர் விட்டால், அதனுடன் 25 கிராமுக்கு மேல் உப்பும் வேரடிக்குப் போகிறது. பத்துத் தடவையில் கால் கிலோ. தண்ணீரை இலை குடித்து ஆவியாக்கிவிடும், வெயில் கொஞ்சம் கொண்டுபோகும். உப்பு அங்கேயே இருந்துவிடும். மழை வந்து கழுவும்வரை அது ஏறிக்கொண்டே போகும். தை மாதத்தில் செழித்து நின்ற கன்று ஆனி, ஆடியில் கருகத் தொடங்குவதன் விளக்கம் இவ்வளவுதான்.

உப்பு கொடியை இரண்டு கட்டமாகத் தாக்குகிறது. முதல் கட்டத்தில் மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. உப்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். கொடி தாகத்தில் நின்று தளிர் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். இரண்டாவது கட்டத்தில் சோடியமும் குளோரைட்டும் தண்ணீரோடு ஏறி இலையில் வந்து தங்கும். முந்திரிகைக்குச் சோடியத்தைவிடக் குளோரைட்டே பெரிய எதிரி. நீண்ட நாள் நின்ற அடி இலையில் அது கூடுதலாகச் சேர்வதால் கருகல் அங்கேயே, ஓரத்திலிருந்து தொடங்குகிறது. வளர்ந்த கொடிக்குத் தண்டிலும் வேரிலும் சேமிப்பு உண்டு. வேர் ஆழத்திலும் அகலத்திலும் பரவி நல்ல இடத்தைத் தேடிக்கொள்ளும். இளங்கொடிக்கு இருப்பதெல்லாம் ஒரு முழத்துக்குள் அடங்கிய வேரும் விரல்விட்டு எண்ணக்கூடிய இலைகளும்தான். அதனால்தான் அடி முதலில் அதன்மேல் விழுகிறது.

தெளிப்பு வேலை செய்யும் இடம் இந்த இலைதான். தாகத்தில் இலை தன் துவாரங்களை மூடிக்கொள்கிறது. காபனீரொட்சைட்டு உள்ளே வருவது குறைகிறது. வெயில் மட்டும் குறைவதில்லை. பிடித்த ஒளியின் சக்தியைச் சீனியாக்க வழியில்லாமல் போகும்போது அது ஒட்சிசனின் மேல் பாய்கிறது. அப்படி உருவாகும் சுப்பரொட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற முரட்டு மூலக்கூறுகள் பச்சையத்தையும் கலங்களின் மென்சவ்வையும் அரிக்கின்றன. சவ்வு கிழிந்தால் உள்ளிருக்கும் பொற்றாசியம் கசிகிறது. உப்பைத் தாங்க அதிகம் தேவைப்படும் சத்தும் அதுதான். இயற்கை இதற்கு ஏற்பாடு செய்யாமல் இல்லை. இலைக்குள்ளேயே அஸ்கோபிக் அமிலமும் குளுட்டாதையோனும் பல நொதியங்களும் சேர்ந்து இந்த முரடர்களை அடக்கித் தண்ணீராக்கிவிடுகின்றன. நெருக்கடி நீடிக்கும்போது அந்த இருப்புக் கரைந்துபோகிறது. வாழைப்பூவை நறுக்கியவுடன் அம்மாமார் மோரிலோ தேசிக்காய்ச் சாறு விட்ட தண்ணீரிலோ போடுவார்களே, கறுக்காமல் இருக்க. வெளியிலிருந்து கொஞ்சம் ஒட்சியேற்ற எதிரியைக் கொடுத்து உள்ளிருப்பதைக் காப்பாற்றும் அதே வேலையைத்தான் இந்தத் தெளிப்பும் இலைக்குச் செய்கிறது.

இந்தத் தெளிப்புக்குப் பேசப்படும் பொருள்கள் அஸ்கோபிக் அமிலம், சலிசிலிக் அமிலம் என இரண்டு. இரண்டும் நமக்கு அந்நியமானவை அல்ல. அஸ்கோபிக் அமிலம் என்பது வைட்டமின் சி. ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பெர்ட் செந்த்-ஜோர்ஜி அதை 1928இல் பிரித்தெடுத்தார். பின்னர் தன் ஊர் மிளகாய்ப் பழங்களிலிருந்து பெருமளவில் எடுத்துக் காட்டினார். 1937இல் நோபல் பரிசு பெற்றார். சலிசிலிக் அமிலத்தின் பெயர் வில்லோ மரத்தின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. அஸ்பிரினின் தாய்ப்பொருள் அது. தாவரத்துக்குள் அது ஒரு தூதுவன். ஆபத்து வருகிறது, காவலைக் கூட்டு என்று கலங்களுக்குச் செய்தி சொல்லி, அந்த நொதியங்களை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. வைட்டமின் சி நேராகச் சண்டைக்குப் போகிறது. சலிசிலிக் அமிலம் படையைத் திரட்டுகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

எகிப்து, ஈரான், துருக்கி போன்ற வறண்ட நாடுகளில் இளம் முந்திரிகைக் கன்றுகளைச் சாடியில் வைத்து உப்புநீர் ஊற்றி, இந்தத் தெளிப்புகளைச் சோதித்திருக்கிறார்கள். தெளித்த கன்றுகளில் பச்சையம் கூடுதலாக நின்றது, சவ்வுக் கசிவு குறைந்தது, தளிரும் வேரும் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்தன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. உப்பு மிதமாக இருக்கும்போது பலன் நன்றாகத் தெரிகிறது. உப்பு கடுமையாகும்போது பலன் மங்குகிறது. இவற்றில் பெரும்பாலானவை சாடியில், சில மாதங்கள் நடந்த சோதனைகள். நான்கு வருடத் தோட்டத்தில், சுண்ணக்கல் மண்ணில், ஆடிக் காற்றில் அதே பலன் அதே அளவில் கிடைக்கும் என்று இந்த இதழ் உங்களுக்கு வாக்குக் கொடுக்காது. முயன்று பார்க்கத் தகுந்தது என்று துணிந்து சொல்லும்.

முயல விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். அஸ்கோபிக் அமிலம் 10 லீற்றர் தெளிகருவிக்கு 1 முதல் 2 கிராம். சலிசிலிக் அமிலம் 10 லீற்றருக்கு 0.7 கிராம், ஆய்வுக்கூடக் கணக்கில் இது லீற்றருக்கு அரை மில்லிமோல். அளவு மிஞ்சிப் போனால் சலிசிலிக் அமிலமே இலையைச் சுட்டுவிடக்கூடும். வீட்டுத் தராசில் 0.7 கிராம் நிறுக்க முடியாது. அதனால் 7 கிராமை 100 மில்லிலீற்றர் மதுசாரத்தில் கரைத்து வைத்துக்கொண்டு, ஒரு தெளிகருவிக்கு அதில் 10 மில்லிலீற்றர் எடுத்து, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே மெதுவாக விடுங்கள். நேரடியாகத் தண்ணீரில் போட்டால் அது எளிதில் கரையாது. இரண்டையும் ஒன்றாகக் கலக்கவேண்டாம். தனித்தனிக் கன்றுகளில் பார்த்தால்தான் எது வேலை செய்தது என்று தெரியும்.

வைட்டமின் சி வெளிச்சத்திலும் காற்றிலும் விரைவில் கெட்டுவிடும். கரைத்த உடனே தெளித்து முடிக்கவேண்டும். மறுநாளுக்கு வைத்திருந்தால் வெறும் தண்ணீர்தான். செம்பு பட்டால் இன்னும் விரைவாகக் கெடும். முந்திரிகைக்காரர் எல்லோரிடமும் செம்பு சேர்ந்த போர்டோக் கலவை இருக்கும். அதோடு இதைச் சேர்க்கக்கூடாது. அது கரைத்த வாளியில் இதைக் கரைக்கவும் கூடாது. இரண்டு தெளிப்புக்கும் இடையில் ஒரு வாரமாவது விடுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, தெளிக்கும் கரைசலைக் கிணற்றுச் சவர்நீரில் கரைக்காதீர்கள். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்பு நிறைந்தது. வைட்டமின் அதில் தங்காது. அதிலுள்ள உப்பும் இலைமேல் காய்ந்து உள்ளே போகும். பீலியில் பிடித்த மழைநீர் இரண்டு கலன் இருந்தால் ஒரு பருவத் தெளிப்புக்குப் போதும்.

வெயில் ஏறுமுன் காலையிலோ, சூடு தணிந்த மாலையிலோ இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். உப்பு ஏறும் காலத்துக்குச் சற்று முன்பே, சித்திரையில் தொடங்குவது நல்லது. கருகிய இலை மீண்டும் பச்சையாகாது. வரப்போகிற இலைக்காகவே தெளிக்கிறோம். கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். வைட்டமின் சி வில்லையைப் பொடிக்கவேண்டாம். அதில் சீனியும் வாசனையும் சேர்ந்திருக்கும். அஸ்பிரின் வில்லையும் சலிசிலிக் அமிலமும் ஒன்றே அல்ல. சுத்தமான தூளைப் பெயர்ச்சீட்டுப் பார்த்து வாங்குங்கள்.

தெளிப்பைப் பற்றி இவ்வளவு போதும். இதைப்போல் பல மடங்கு பலன் தரும் வேலைகள் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் தெளிகருவியை மட்டும் தோளில் மாட்டுவது வீண் செலவு.

முதலில் அளந்து பாருங்கள். பொற்றாசியம் குறைந்தாலும் இலை ஓரம் கருகும். கண்ணால் பார்த்து உப்பு என்று முடிவு கட்டமுடியாது. கிணற்று நீரை மாரி முடிந்ததும் ஒருமுறை, கோடை உச்சத்தில் ஒருமுறை அளந்தால் அதன் போக்குத் தெரியும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்.

அடுத்து, உரத்தைப் பாருங்கள். எம்.ஓ.பி. என்று நாம் வாங்கும் பொற்றாசியம் குளோரைட்டில் எடையில் ஏறத்தாழப் பாதி குளோரைட்டு. 100 கிராம் போட்டால் 47 கிராமளவில் குளோரைட்டையும் சேர்த்தே வேருக்கு ஊட்டுகிறோம். சவர் நீர்த் தோட்டத்தில் இளங்கொடிக்கு அதைத் தவிர்த்துப் பொற்றாசியம் சல்பேற்றுக்கு மாறுவது, விலை கூடினாலும், தெளிப்பைவிட முதலில் செய்யவேண்டியது. கோழி எருவிலும் உப்பு உண்டு. நன்றாக மக்கவைத்து, குறைவாகப் போடுங்கள். பனையோலையும் பூவரசங் குழையும் தாட்டு மண்ணை வளர்த்தவர்கள் நம் பெரியவர்கள். அந்த மண்ணில் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கும் மண்ணில்தான் உப்பும் இறங்கிப் போகும். கன்றைச் சுற்றி வைக்கோலோ சருகோ மூடாக்குப் போட்டால் ஆவியாதல் குறைந்து, உப்பு மேலே ஏறிவருவதும் குறையும்.

சொட்டுநீர்ப் பாசனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். சொட்டி நனைக்கும் வட்டத்தின் ஓரத்துக்கு உப்புத் தள்ளப்பட்டு அங்கே வெள்ளையாகப் பூத்து நிற்கும். நீண்ட வெயிலுக்குப்பின் சிறு தூறல் விழும்போது, அந்த உப்புக் கரைந்து திரும்ப வேருக்கே வந்துவிடும். மழை பெய்கிறதே என்று அப்போது குழாயை மூடிவிடாதீர்கள். நல்ல மழை விழுந்து மண் ஆழமாக நனையும்வரை சொட்டுநீர் ஓடட்டும். முதல் மழைக்கு அடுத்த நாள் கன்று திடீரென்று வாடியதைக் கண்டு குழம்பியவர்களுக்கு இதில் விடை கிடைக்கலாம்.

நிலையான தீர்வு வேரில் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதிக் காட்டு முந்திரிகையிலிருந்து வந்த டொக்றிட்ஜ், சோல்ட் கிறீக் ஆகிய வேர்க்கன்றுகள் குளோரைட்டை வேரிலேயே தடுத்து நிறுத்துவதில் பேர்பெற்றவை. மகாராஷ்டிரத்து விவசாயிகள் வறட்சியும் உப்பும் வாட்டிய 1990களில் டொக்றிட்ஜ் வேரின்மேல் தங்கள் பழக்கொடியை ஒட்டுக்கட்டத் தொடங்கினார்கள். இன்று அங்கே அது வழக்கமாகிவிட்டது. 1997இல் பூனா அருகே தொடங்கிய தேசிய திராட்சை ஆராய்ச்சி நிலையம் இந்த வேர்க்கன்றுகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கிருந்தும் நமக்குப் படிக்க நிறைய உண்டு. ஆனால் அங்கே போய்வருபவர்கள் பெட்டிக்குள் தடி வெட்டி ஒளித்துக் கொண்டுவரவேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். ஒரு தடியோடு வரும் நச்சுயிரோ பூச்சியோ குடாநாட்டுப் பந்தல் முழுவதையும் அழித்துவிடும். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. நல்ல வேர்க்கன்றுகள் முறைப்படி, தாவரத் தொற்றுக்காப்பு வழியாக வரவேண்டும். விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழகங்களும் அதை வடக்கின் மண்ணில் சோதித்துத் தரவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. நெல்லுக்கு அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையம் ஏ.ரி. 354 என்ற உப்புத் தாங்கும் இனத்தைத் தந்த நாடு இது. முந்திரிகைக்கும் அப்படி ஒரு முயற்சியை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

தோட்டத்து வேலிக்கு வெளியே உள்ள தண்ணீரையும் பேசாமல் இருக்கமுடியாது. பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டம், ஆனையிறவுக் கடல்நீரேரியில் மழைநீரைத் தேக்கி நன்னீராக்கி, வடமராட்சிப் பக்கம் கொண்டுபோய், கடல் உள்ளே வராமல் தொண்டைமானாற்றில் கதவு போட்டுத் தடுப்பது. அது முழுமை பெறவில்லை. குண்டசாலைக்காரருக்கு இதில் யோசிக்க ஒன்று உண்டு. நம் பக்கத்துப் பொல்கொல்லை அணையில் 1976 முதல் மகாவலியின் ஒரு பகுதி வடமத்திய வறள்நிலத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. மலையில் பெய்யும் மழை எத்தனை தூரத்து வயலுக்குச் சோறு என்பதை அந்த அணை காட்டுகிறது. மலையில் காடு வெட்டினால், மண்ணை ஆற்றில் கரையவிட்டால், அதன் விலையைக் கீழே உள்ளவர்கள் கொடுப்பார்கள். வடக்கில் குளம் தூர்த்து வீடு கட்டினால், மழை கடலுக்கு ஓடி, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு சவராகும். இரண்டும் ஒரே கதைதான்.

மலையக வாசகர்களுக்கும் இந்தப் பக்கத்தில் நேரடியாக எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. கண்டி, நுவரெலியாப் பக்கங்களில் பொலித்தீன் கூடாரத்துக்குள் தக்காளியும் கறிமிளகாயும் வளர்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கூடாரத்துக்குள் மழை விழுவதில்லை. அல்பேட் கலவை என்ற உரக்கரைசலை ஊற்ற ஊற்ற, செடி எடுத்தது போக மீதி உப்பாகச் சேர்கிறது. யாழ்ப்பாணத்தில் கடல் செய்வதை இங்கே உரம் செய்கிறது. சாடியின் அடியில் வடியும் நீரின் ஈ.சி.யை அளந்து, கூடிப்போனால் நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். இலை ஓரம் தீய்வதைப் பார்த்து இன்னும் உரம் ஊற்றுவதைவிட அது பயன் தரும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். தெளிப்பைச் செய்பவர்கள் தோட்டம் முழுவதும் தெளித்துவிடாதீர்கள். ஒரே வயதுக் கன்றுகளில் சிலவற்றுக்கு வைட்டமின் சி, சிலவற்றுக்குச் சலிசிலிக் அமிலம், சிலவற்றுக்கு வெறும் மழைநீர் என்று பிரித்து அடையாளம் கட்டுங்கள். தண்ணீரும் எருவும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். சலிசிலிக் அமிலத்துக்குச் சேர்க்கும் அதே அளவு மதுசாரத்தை மற்ற இரண்டிலும் விட்டால் ஒப்பீடு சரியாக இருக்கும். மாதம் ஒருமுறை தளிரின் நீளத்தையும், கருகிய இலையின் எண்ணிக்கையையும், கிணற்று நீரின் அளவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். தெளிப்பு வேலை செய்யாமல் போனாலும் எழுதுங்கள். அந்தத் தகவலும் இன்னொரு குடும்பத்தின் பணத்தைக் காப்பாற்றும். எங்களுக்கு அனுப்பிவையுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமலே வெளியிடுவோம். சாடியில் கண்டது பந்தலில் நிற்குமா என்ற கேள்விக்கு எகிப்திலிருந்தோ ஈரானிலிருந்தோ விடை வராது. கோப்பாயிலும் இளவாலையிலும் உள்ள உங்கள் தோட்டங்களில்தான் அது கிடைக்கவேண்டும்.

கன்று நட்டு ஒன்றரை வருடம் பொறுத்திருக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். ஒரு வருடம் அளந்து எழுதுவது உங்களுக்குப் பாரமாக இராது. இந்த மாரிக்கு முன் பீலியைத் துப்புரவாக்கி, மழைநீர் பிடிக்கக் கலன் வைத்துவிடுங்கள். தெளிப்புக்கும் அதுதான் முதல் படி, கிணற்றுக்கும் அதுதான் முதல் படி.

அன்புடன்,
ஆசிரியர்
குண்டசாலை